28 நாள் கணக்கு

அருப்புக்கோட்டையில் என் கடைக்குள் நுழைந்தால் முதலில் ஜெராக்ஸ் இயந்திரம். அதற்குப் பக்கத்தில், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டபடி நீளமான கணக்கு நோட்டு ஒன்று கிடக்கும். வாடிக்கையாளர் பெயர், போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், என்ன ரீசார்ஜ் பேக் போட்டார்கள், எந்தத் தேதியில் முடிகிறது என்று வரிசையாக எழுதியிருப்பேன். சுரண்டிப் பார்க்கும் ரீசார்ஜ் கார்டு விற்ற 2008-இல் தொடங்கிய பழக்கம். இப்போது ஓடுவது பதினோராவது நோட்டு.

சலுகை ஏதும் இருக்கிறதா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்களுக்கு எந்தத் தேதியில் முடிகிறது?” என்பதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது. நேற்று இரவோடு பேச்சு நின்றுவிட்டது, அவசரம், ஏதாவது போட்டுவிடுங்கள் என்பார்கள். அவசரத்தில் வருபவருக்கு யாரும் சலுகை தருவதில்லை. கண்ணில் முதலில் படும் பேக்கைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். முடியும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது. பதினேழு வருடத்தில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

அந்தக் கூட்டல் கழித்தலைக் கொஞ்சம் காட்டுகிறேன். சம்பளம் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை வருகிறது. 28 நாள் பேக்கை வருடத்துக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும். பதின்மூன்றாவது ரீசார்ஜ் யார் மனத்திலும் பதிவதில்லை. 2024 ஜூலையில் விலை ஏறியபோது ஜியோவில் நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் பேக் 239-லிருந்து 299 ரூபாய் ஆனது. பதின்மூன்று முறை போட்டால் 3,887 ரூபாய். அதே ஒன்றரை ஜி.பி.க்கு 84 நாள் பேக் அப்போது 799 ரூபாய். ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுப்பது 3,599 ரூபாய், அதில் நாளுக்கு இரண்டரை ஜி.பி. இவற்றை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 28 நாள் பேக்கில் ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. வருட பேக்கில் 9 ரூபாய் 86 காசு. 84 நாள் பேக்கில் 9 ரூபாய் 51 காசு. நீண்ட காலத்துக்கு எடுத்தால்தான் மலிவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். இந்தக் கணக்கில் நடுவில் இருப்பதே மலிவு. இரண்டரை ஜி.பி.யையும் தினமும் தீர்ப்பவருக்கு மட்டும் வருட பேக் லாபம்.

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். தறிக்குப் போகும் ஒரு தம்பி, 799 ரூபாயை ஒரே நாளில் எப்படி எடுத்து வைப்பேன் அக்கா என்று கேட்டான். நியாயமான கேள்வி. கடையில் கிடந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொடுத்து, தினமும் பத்து ரூபாய் போடச் சொன்னேன். 84 நாளில் 840 ரூபாய் சேர்ந்துவிடும். இப்போது மூன்றாவது சுற்று ஓடுகிறது. ஒரு நாளும் அவன் இரவில் ஓடிவந்து கடைக் கதவைத் தட்டியதில்லை.

தேதி மறந்துபோகும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 30 நாள் வேலிடிட்டியுள்ள திட்டம் ஒன்றும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. செயலியில் கீழே தள்ளிக்கொண்டே போனால் அகப்படும். சம்பளத் தேதிக்கு மறுநாளாகப் பார்த்துப் போட்டுக்கொண்டால் நிம்மதி.

டாப்-அப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் நான் வாங்கிய வசவு அதிகம். பத்து ரூபாய் போட்டால் கணக்கில் 7 ரூபாய் 47 காசுதான் ஏறும். மீதியை நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்து ஒரு பெரியவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அந்தப் பத்து ரூபாய்க்குள்ளேயே 18 சதவிகித ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அதைக் கழித்தால் 8 ரூபாய் 47 காசு. அதிலிருந்து நிறுவனத்தின் நடைமுறைக் கட்டணம் ஒரு ரூபாய். நூறு ரூபாய் போட்டால் அந்தக் கட்டணம் மூன்று ரூபாயோடு நின்றுவிடும், 81 ரூபாய் 75 காசு ஏறும். அதாவது பத்துப் பத்தாகப் பத்து முறை போடுபவருக்கு நூறு ரூபாயில் 74 ரூபாய் 70 காசுதான் கிடைக்கிறது. இல்லாதவர்கள்தாம் பத்துப் பத்தாகப் போடுகிறார்கள். இது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

இனி ‘வரை’ என்ற சொல். பணம் செலுத்தும் செயலிகளில் ‘100 ரூபாய் வரை கேஷ்பேக்’ என்று வரும். நூறு பெரிய எழுத்தில் இருக்கும், வரை பொடி எழுத்தில் இருக்கும். அந்த நூறு ரூபாய் யாருக்கோ விழுகிறது, நமக்கு மூன்று ரூபாயோ, ஏதோ ஒரு கடையின் தள்ளுபடிக் கூப்பனோ விழுகிறது. நானே ஒருமுறை என் மகளின் எண்ணுக்கு, இன்று மட்டும் சலுகை என்றதைப் பார்த்து, பழைய பேக் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே புதியதைப் போட்டேன். 50 ரூபாய் கேஷ்பேக் என்றார்கள். வந்தது அடுத்த ரீசார்ஜில் கழித்துக்கொள்ளும் கூப்பன். அதுவும் 700 ரூபாய்க்கு மேல் போட்டால் மட்டும், பதினைந்து நாளுக்குள் மட்டும். பதினைந்து நாளுக்குள் யார் இரண்டாவது முறை 700 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்வார்கள்? செயலியின் கட்டணம் என்று 3 ரூபாய் வேறு பிடித்திருந்தார்கள். அந்த 3 ரூபாயைப் பணம் செலுத்திய பிறகுதான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனத்தாங்கல். நாலு பேருக்குச் சொல்கிறவள், என் வீட்டில் தவறவிட்டேனே என்று. அன்றிலிருந்து வைத்த வழக்கம் இது. பணம் செலுத்தும் பொத்தானைத் தொடும் முன் இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். ஒன்று நிறுவனத்தின் சொந்தச் செயலி கேட்கும் தொகை, மற்றது இந்தச் செயலி கடைசித் திரையில் கேட்கும் தொகை. கேஷ்பேக்கை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கைக்கு வந்தால் அன்றைக்குச் சந்தோஷப்படலாம். இன்னொன்று, ஏற்கெனவே ஒரு பேக் ஓடும்போது புதியதைப் போட்டால், அது வரிசையில் நிற்குமா, உடனே தொடங்கிவிடுமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். உடனே தொடங்கினால் கையிலிருக்கும் நாட்கள் போச்சு.

பண்டிகை வந்தால் சலுகை வரும் என்ற எண்ணம் நம் ஊரில் பழையது. என் கடை தொடங்கிய புதிதில் கல்லூரிப் பிள்ளைகள் எஸ்.எம்.எஸ். பேக் கேட்டு மாலையில் வரிசையில் நிற்பார்கள். புத்தாண்டு இரவு வாழ்த்து அனுப்புவதற்காகவே போடுவார்கள். ஆனால் புத்தாண்டு, பொங்கல், தீபாவளி போன்ற நாட்களில் அந்த பேக் செல்லாது, ஒவ்வொரு செய்திக்கும் முழுக் கட்டணம் பிடிப்பார்கள். மறுநாள் காலையில் போன் கணக்கில் காசு இல்லாமல் வந்து நிற்கும் முகங்களைப் பார்க்கவே முடியாது. அடுத்த வருடத்திலிருந்து டிசம்பர் 30-ஆம் தேதியே வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டத் தொடங்கினேன். என் விற்பனை அன்றைக்குக் குறைந்தது உண்மை. ஜனவரி 2-ஆம் தேதி அதே பிள்ளைகள் என்னிடமே வந்தார்கள் என்பதும் உண்மை.

புது சிம்முக்கு வரும் சலுகைகள் வேறு வகை. எங்கள் தொழிலில் முதல் ரீசார்ஜை எஃப்.ஆர்.சி. என்போம். அதன் விலை புதிதாக வருபவருக்கு மட்டும், ஒரே ஒரு முறை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தபோது டிசம்பர் கடைசி வரை எல்லாம் இலவசம், பிறகு அது 2017 மார்ச் 31 வரை நீண்டது. அதிலிருந்துதான் மக்களுக்குப் புது சிம் என்றால் சலுகை என்ற கணக்கு பழகியது. 2025 ஆகஸ்ட்டில் பி.எஸ்.என்.எல். ஒரு ரூபாய்த் திட்டம் கொடுத்தது. புதிதாகச் சேருபவருக்கு 30 நாள், நாளுக்கு 2 ஜி.பி., அளவில்லாத பேச்சு. நல்ல சலுகைதான், நானே பலருக்குச் சொன்னேன். கூடவே 31-ஆம் நாள் என்ன விலை என்பதையும் சொல்லி, உங்கள் வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா என்று அந்த 30 நாளில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு ரூபாய்ச் சலுகையின் உண்மையான பயன் அந்தச் சோதனை ஓட்டம். இருக்கிற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது சிம்மாக வாங்கியவர்கள் யாரும் வருத்தப்படவில்லை.

எண்ணையே மாற்றிக் கொண்டுபோவது என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். PORT என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நம் பக்கத்தில் நான்கு நாள் செல்லும். குறியீடு கேட்ட அன்றோ மறுநாளோ, இருக்கும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வருவது வழக்கம். போகாதீர்கள், உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு பேக் தருகிறோம் என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவே நல்ல பேக்காக இருக்கும். வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல், குறுஞ்செய்தியாகவோ செயலியிலோ கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மாறிப்போனால் புது இடத்தில் 90 நாள் இருந்தாக வேண்டும். சிக்னல் இல்லாத வீட்டில் 90 நாள் என்பது பெரிய தண்டனை.

இலவசம் என்று பக்கத்தில் ஒட்டிவரும் பொருள்களுக்கும் இதே நிதானம் தேவை. 2025 அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சேவையை 18 மாதம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. மதிப்பு 35,100 ரூபாய் என்றார்கள். 5ஜி அளவில்லாமல் தரும் 349 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பேக் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அளவில்லாத 5ஜி இல்லாத அந்த 799 ரூபாய் 84 நாள் பேக்கில் இருந்த ஒருவர் உடனே மாற்றச் சொன்னார். நாளுக்கு 9 ரூபாய் 51 காசு கொடுப்பவர் 349 ரூபாய் 28 நாள் பேக்குக்கு மாறினால் 12 ரூபாய் 46 காசு கொடுக்க வேண்டிவரும், 18 மாதத்துக்கு ஏறக்குறைய 1,600 ரூபாய் கூடுதல் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அந்தச் சேவையால் என்ன வேலை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் மாற்றவில்லை. அதே வாரம் ஆசிரியர் பயிற்சி படிக்கும் ஒரு பெண் கேட்டாள், பாடக் குறிப்புக்கெல்லாம் பயன்படுத்துவேன் என்றாள். அவளுக்கு நானே மாற்றிவிட்டேன். 35,100 என்ற எண்ணை இரண்டு பேர் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை.

இப்போது பாட்டியின் கதை. எங்கள் தெருவுக்குப் பின்னால் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்து வாழ்பவர். பட்டன் போன். வாரத்துக்கு ஒருமுறை வந்து, “தாயி, இருபது ரூபாய் போட்டேனே, இதற்குள் எங்கே போனது?” என்பார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. போனை வாங்கி வந்திருந்த செய்திகளைப் பார்த்தேன். பக்திப் பாடல் சேவை, ஜோதிடச் சேவை, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் திடீரென்று ஏதோ பெட்டி வரும், மூடுவதற்காக நடுப்பட்டனை அழுத்துவேன் என்றார். மூடுவதாக நினைத்து அழுத்தியது சம்மதமாகப் போயிருக்கிறது.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான், இத்தகைய சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறை சம்மதம் பெற வேண்டும் என்று ட்ராய் 2013-இல் விதித்தது. நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டணமில்லா எண் 155223. பாட்டியின் போனிலிருந்தே அழைத்து, ஸ்பீக்கரில் வைத்தேன். என்னென்ன சேவை ஓடுகிறது என்று குரல் சொன்னது, நிறுத்த ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது. பாட்டி தன் விரலாலேயே அழுத்தினார். நூல் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல். பிறகு நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழைத்து, கேட்காத சேவைக்குப் பிடித்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று புகார் கொடுத்தோம். டாக்கெட் எண் என்று புகாருக்கு ஓர் அடையாள எண் கொடுத்தார்கள், அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த எண் இல்லாமல் இரண்டாம் முறை பேசினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான்கு நாள் கழித்து 36 ரூபாய் திரும்ப வந்தது. பாட்டி அதைச் சொல்வதற்கென்றே வந்தார், கையில் இரண்டு கொய்யாப்பழத்தோடு.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேட்டாவே வேண்டாதவருக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அவை வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய். என் அம்மா அதுவரை 28 நாளுக்கு 199 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தார், அதில் கிடைத்த 2 ஜி.பி. டேட்டாவை ஒருநாளும் தொட்டதில்லை. மூன்று முறை போட்டால் 597 ரூபாய். 84 நாளுக்கு 128 ரூபாய் மிச்சம். இதை விளம்பரப்படுத்தி யாரும் குறுஞ்செய்தி அனுப்பமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

மோசடிச் செய்திகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாத இலவச ரீசார்ஜ் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளை எந்த நிறுவனமும் அனுப்புவதில்லை. வணிகக் குறுஞ்செய்திகளில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இப்போது இருக்கும். P என்றால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பரிவர்த்தனை, G என்றால் அரசு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து சலுகை வந்தால் அழித்துவிடுங்கள். கேஷ்பேக் பெற யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் அது திருட்டு, பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கடைசியாக ஓர் ஆசிரியர். தானாகப் புதுப்பித்தால் 20 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு செயலி சொன்னதைக் கேட்டுத் தன் அப்பாவின் எண்ணுக்கு ஆட்டோபே போட்டிருந்தார். தள்ளுபடி முதல் மாதத்துக்கு மட்டும். அதை அவர் கவனிக்கவில்லை. அதன் பிறகு அப்பா தவறிவிட்டார். ஐந்து மாதம் கழித்து வங்கிக் கணக்கு நகல் எடுக்க என் கடைக்கு வந்தபோது, அந்த எண்ணுக்கு இன்னும் பணம் போய்க்கொண்டிருப்பதைத் தாளில் பார்த்தார். ஐந்து முறை 299 ரூபாய், மொத்தம் 1,495. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவல்கள் ஐந்தும் அவர் போனிலேயே இருந்தன, படிக்காமல். அந்த நாட்களில் எந்தச் செய்தியைத்தான் படித்திருப்பார்?

யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யும் இடத்தைக் காட்டினேன். அவர் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். “இதை நிறுத்தினால் அப்பா எண் வேறு யாருக்காவது போய்விடுமா அக்கா?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால், பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக எண்ணைத் துண்டிக்கக் கூடாது என்று 2013-இல் வந்த விதியைச் சொன்னேன். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், இறப்புச் சான்றிதழோடு நிறுவனத்தின் மையத்துக்குப் போய் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மாற்றிக்கொண்டார். ஆட்டோபேயை ரத்து செய்தார். பேச்சு மட்டும் உள்ள 84 நாள் பேக்கை என் கடையில் வந்து நேரில் போடுகிறார். அப்பாவின் பழைய போனையும் கையோடு எடுத்து வருவார், ரீசார்ஜ் ஆனதும் தன் போனிலிருந்து ஒருமுறை அதற்கு அழைத்துப் பார்ப்பார். மணி அடிக்கும். எடுக்காமல் விட்டுவிடுவார்.

அந்த எண்ணுக்கு வரும் 14-ஆம் தேதி முடிகிறது. நோட்டில் அவர் அப்பாவின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். 9-ஆம் தேதி அவரைக் கூப்பிட வேண்டும்.